வாசல் அடைபட்டால் ஏரி என்னாகும்? பழவேற்காட்டின் கதை

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் மின்சார ரயிலில் நீங்கள் பயணம் செய்திருக்கலாம். மீஞ்சூர், பொன்னேரி, கவரப்பேட்டை என ஊர்கள் ஒவ்வொன்றாகக் கடந்து போகும். பிறகு தொழிற்சாலைப் புகைபோக்கிகள் தென்படும். அந்த ரயிலின் வலப்புறச் சாளரத்திலிருந்து பார்வைக்கு எட்டாத தொலைவில், பொன்னேரிக்குக் கிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில், நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல் விரிந்து கிடக்கிறது. அதுவே பழவேற்காட்டு ஏரி. பரப்பில் அதை விஞ்சுவது ஒடிசாக் கரையின் சிலிகா ஏரி ஒன்றே.

இந்த ஏரியின் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது. தெற்கே ஒரு சிறு பகுதி மட்டும் நம் திருவள்ளூர் மாவட்டத்தில், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டங்களை ஒட்டி அமைந்திருக்கிறது. ஆரணியாறு வந்து கலக்கும் சேற்று நிலங்களும், உமரிச் செடி படர்ந்த உவர்த்தரைகளும், ஆங்காங்கே வெண்கண்டல் புதர்களும் கொண்ட பகுதி இது. 1980-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. இதன் பரப்பு 153.67 சதுர கிலோமீட்டர்.

சரணாலயம் என்றதும் வேலியும் காவலரும் நம் நினைவுக்கு வருகிறார்கள். ஒரு காட்டைச் சுற்றி எல்லை வகுத்து, மரம் வெட்டுவோரையும் வேட்டையாடுவோரையும் வெளியே நிறுத்திவிட்டால் காடு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஒரு காயலையும் அவ்வாறே காத்துவிட முடியுமா? இக்கேள்விக்கு விடை காண, ஏரியின் வரலாற்றையும் அதனுள் மறைந்திருக்கும் கொஞ்சம் இயற்பியலையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

காயல் பிறந்த விதம்

கடைசிப் பனியுகம் முடிந்து துருவப் பனி உருகியபோது உலகெங்கும் கடல்மட்டம் உயர்ந்தது. சுமார் 6,000 முதல் 7,000 ஆண்டுகளுக்கு முன் அந்த உயர்வு ஏறக்குறைய நின்றது. அப்போது சோழமண்டலக் கரையின் தாழ்ந்த நிலங்களுக்குள் கடல்நீர் புகுந்திருந்தது. பின்னர் அலைகளும் நீரோட்டங்களும் கொண்டுவந்த மணல், கரைக்கு இணையாக நீண்ட திட்டாகப் படிந்தது. இன்று நாம் ஸ்ரீஹரிகோட்டா என்று அழைக்கும் தீவு அத்தகைய மணல் திட்டே. அதற்கு மேற்கே சிறைப்பட்ட நீர்ப்பரப்பு காயலாயிற்று.

வடக்கே சுவர்ணமுகி, மேற்கே காளங்கி, தெற்கே ஆரணியாறு ஆகியவை இதற்கு நன்னீர் தருகின்றன. கடலோ முகத்துவாரத்தின் வழியே உப்புநீர் தருகிறது. வடக்கே ஆந்திரப் பகுதியிலும் கடல்வாய்கள் உண்டு. ஆயினும் தெற்குப் பகுதிக்கு உயிர்ப்பாதை பழவேற்காடு ஊரை அடுத்துள்ள முகத்துவாரமே. இதையே இக்கட்டுரையில் ‘வாசல்’ என்று குறிப்பிடுகிறோம். ஏரியின் கதை முழுவதும் இந்த வாசலைச் சுற்றியே நடந்திருக்கிறது.

கப்பல்கள் வந்த காலம்

விஜயநகர அரசின் காலத்தில் பழவேற்காடு பெயர் பெற்ற துறைமுகம். இங்கிருந்து வண்ணத் துணிகள் மலாக்காவுக்கும் கிழக்குத் தீவுகளுக்கும் சென்றன. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இங்கு வணிகம் செய்தனர். 1610-இல் விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரின் அனுமதி பெற்று டச்சுக்காரர்கள் வந்தனர். சாந்தோமிலிருந்து வந்த போர்த்துக்கீசியர் 1612-இல் அவர்களுடைய பண்டகசாலையைத் தாக்கி அழித்தனர். மறு ஆண்டே, 1613-இல், கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை, சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனியின் தலைமை நிலையம் பழவேற்காடுதான்.

துணி மட்டுமே இங்கிருந்து கப்பலேறவில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது. பஞ்சத்தாலும் போராலும் நொடித்த மக்கள் அடிமைகளாக விற்கப்பட்டு, இக்கரையிலிருந்தே பத்தாவியாவுக்கு ஏற்றப்பட்டனர். கோட்டையின் இடத்தில் இன்று எஞ்சியிருப்பவை மண்மேடும் புதரும் அகழியின் தடமும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள டச்சுக் கல்லறைகள் மட்டும் தங்கள் செதுக்கெழுத்துக்களோடு நிற்கின்றன.

இக்காலத்தில் ஆங்கிலேயர் எங்கே இருந்தனர்? இதே ஏரியின் வடகோடியில்! 1626-இல் துர்க்கராஜப்பட்டினத்தில் அவர்கள் ஒரு பண்டகசாலை அமைத்தனர். அவர்கள் அதை ஆர்மகான் என்று அழைத்தனர். அந்த இடம் வணிகத்துக்கு உதவவில்லை. ஆகவே பிரான்சிஸ் டே தெற்கே வேறிடம் தேடிச் சென்று, 1639-இல் சென்னப்பட்டினத்துக்கான உரிமையைப் பெற்றார். பழவேற்காட்டு ஏரியின் ஓரத்தில் காலூன்ற முடியாத வணிகர்களே சென்னைக்கு வித்திட்டனர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. அந்தச் சென்னையின் வளர்ச்சியே பிற்காலத்தில் ஏரியின் வாசலைத் தொட வந்தது.

இத்தனை பெருமை பெற்ற துறைமுகத்தில் பெரிய கப்பல்கள் ஏரிக்குள் நுழைந்ததில்லை. அவை வெளியே கடலில் நங்கூரமிட்டு நிற்கும். படகுகளே முகத்துவாரத்து மணல்மேட்டைக் கடந்து சரக்கைக் கொண்டு செல்லும். வாசல் அன்றும் ஆழமற்றதாகவும் நிலையற்றதாகவும் இருந்தது. 1825-இல் பழவேற்காடு ஆங்கிலேயர் வசமானபோது கப்பல் வணிகம் சென்னைக்குப் போய்விட்டிருந்தது. 1859-இல் இங்கே எழுந்த கலங்கரை விளக்கம், கடலில் மறைந்துள்ள மணல் திட்டுகளை விட்டு விலகிச் செல்லுமாறு கப்பல்களை எச்சரிக்கவே பயன்பட்டது.

விறகும் உப்பும் வந்த வழி

பிறகு ஏரிக்கு வேறொரு வேலை கிடைத்தது. 1806-இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டத் தொடங்கிய கால்வாய், படிப்படியாக வடக்கே நீண்டு பழவேற்காட்டு ஏரியோடு இணைந்தது. 1877, 1878-ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சத்தின்போது, நிவாரண வேலையாகச் சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய்க்குச் சூட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாக் காடுகளின் விறகும் கரையோர உப்பளங்களின் உப்பும் இவ்வழியே படகில் சென்னை அடுப்பங்கரைகளுக்கு வந்தன. ரயிலும் சாலையும் வளர்ந்தபின் படகுகள் குறைந்தன. 1960-களிலும் 1970-களிலும் வீசிய புயல்கள் கால்வாயைச் சிதைத்தன.

வாசலின் இயற்பியல்

வாசல் ஏன் அடைபடுகிறது? எது அதைத் திறந்து வைக்கிறது?

கரையில் அலைகள் சற்றே சாய்வாக வந்து மோதுகின்றன. அலை ஏறும்போது மணல் சாய்வாக மேலே தள்ளப்படுகிறது. நீர் இறங்கும்போது நேராகக் கீழே இழுக்கப்படுகிறது. இவ்வாறு ஒவ்வோர் அலைக்கும் ஒரு சிறு அடியாக மணல் கரையோரமாகவே நகர்கிறது. நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே செல்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றின் காலத்தில் மட்டும் வடக்கிலிருந்து தெற்கே திரும்புகிறது. வரவு செலவு பார்த்தால் நிகர ஓட்டம் வடக்கு நோக்கியதே. ஆண்டுக்குப் பல லட்சம் கனமீட்டர் மணல் இவ்வாறு நகர்கிறது. வாசலின் குறுக்கே இடைவிடாது மணலைக் கொட்டும் ஒரு பட்டைக் கடத்தி என்று இதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

இதை எதிர்த்து நிற்பது கடலின் ஓதம். நாள்தோறும் இருமுறை கடல்மட்டம் ஏறுகிறது, இருமுறை இறங்குகிறது. ஏறும்போது நீர் ஏரிக்குள் பாய்கிறது; இறங்கும்போது அந்நீர் வெளியே பாய்ந்து, வாசலில் படிந்த மணலை அரித்துச் செல்கிறது. ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஏரியில் 100 சதுர கிலோமீட்டர் பரப்பில் நீர்மட்டம் 20 சென்டிமீட்டர் உயர்ந்து தாழ்வதாகக் கொண்டால், ஒவ்வொரு முறையும் வாசலைக் கடக்கும் நீரின் கன அளவு 2 கோடி கனமீட்டர். இந்த அளவு எவ்வளவு அதிகமோ, வாசலின் குறுக்குவெட்டுப் பரப்பும் அவ்வளவு அகன்றிருக்கும். இந்த உறவை அமெரிக்கப் பொறியாளர் மாரோ ஓபிரையன் 1931-இல் வெளியிட்டார்.

இந்த உறவிலிருந்து ஒரு முக்கியமான முடிவு கிடைக்கிறது. ஏரியில் வண்டல் சேர்ந்து மேடாகிவிட்டால், உள்ளே வரும் நீரின் அளவு குறையும்; வெளியேறும் நீரின் வேகம் தளரும்; மணல் வெல்லும்; வாசல் மேலும் குறுகும்; குறுகினால் நீர் இன்னும் குறைவாகவே வரும். தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் சுழல் இது. மழைக்காலத்து ஆற்று வெள்ளமும் புயலும் அவ்வப்போது மணல்மேட்டை உடைத்து வாசலைப் புதுப்பிக்கின்றன. ஆறுகள் வறண்டு கிடக்கும் கோடையில்தான் அது அடைபடும் ஆபத்து மிகுதி.

அடைபட்டால் நேர்வது என்ன? ஏரியின் சராசரி ஆழம் ஏறக்குறைய 1 மீட்டர்தான். கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் ஆவியாவதாகக் கொள்வோம். 60 நாளில் 30 சென்டிமீட்டர் நீர் போய்விடும். உப்போ ஆவியாவதில்லை. ஆகவே லிட்டருக்கு 35 கிராம் இருந்த உப்பு ஏறத்தாழ 50 கிராமாக உயரும். கடலைவிட உப்பு மிகுந்த நீர் அது. மழைக்காலத்திலோ இதற்கு நேர்மாறாக ஏரி நன்னீராகிவிடும். இவ்விரு எல்லைகளுக்கும் இடையே ஏரியை மிதமாக வைத்திருப்பது வாசலே.

இறாலும் பூநாரையும்

இந்த நீர் மாற்றத்தை நம்பி வாழும் உயிர்களில் வெள்ளை இறால் ஒன்று. அது முட்டையிடுவது கடலில். முட்டையிலிருந்து வந்த குஞ்சுகள் ஒரு சென்டிமீட்டர் அளவு வளர்ந்ததும் ஓதத்தோடு வாசல் வழியே ஏரிக்குள் வருகின்றன. சேற்றிலும் நீர்ப்பாசியிலும் இரை தேடிச் சில மாதங்கள் வளர்கின்றன. பிறகு இனப்பெருக்கத்துக்காகக் கடலுக்குத் திரும்புகின்றன. குஞ்சுகள் உள்ளே வரும் காலத்தில் வாசல் மூடியிருந்தால், அவ்வாண்டு அவை ஏரிக்கு இல்லை. மடவை மீனுக்கும் களிநண்டுக்கும் ஏறத்தாழ இதே கதைதான்.

பழவேற்காட்டு மீனவர்கள் இதை எந்த நூலிலும் படித்து அறியவில்லை. ஓதத்தோடு இறால் நகரும் இடங்களில் சுத்துவலை கட்ட யாருக்கு எந்த நாளில் உரிமை என்பதை அவர்கள் ‘பாடு’ என்னும் முறையால் பகிர்ந்துகொண்டு வந்துள்ளனர். நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாமல் முறை மாறி வரும். வலையும் படகும் இல்லாத இருளர் மக்கள் இடுப்பளவு நீரில் அமர்ந்து, பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையாலேயே இறாலைத் தடவிப் பிடிக்கின்றனர். வாசல் அடைபடும் ஆண்டில் முதலில் அடுப்பு அணைவது இவர்கள் வீட்டில்தான்.

இனி பறவைகளைப் பார்ப்போம். குளிர்காலத்தில் இங்கே கூடும் பூநாரைகளைக் காணவே பலர் வருகின்றனர். பூநாரை தன் வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, நாக்கை உந்துதண்டுபோல் இயக்கி, நீரையும் சேற்றையும் உறிஞ்சி வெளியேற்றுகிறது. அலகின் விளிம்பிலுள்ள சன்னமான தகடுகள் பாசியையும் சிற்றுயிர்களையும் வடிகட்டிக்கொள்கின்றன. அந்த இரையில் உள்ள கரோட்டின் வகை நிறமிகளே இறகுக்கு இளஞ்சிவப்பைத் தருகின்றன. அதன் நீண்ட கால்களுக்கு ஏற்ற ஆழம் முழங்கால் அளவே. நீர் அதற்கு மேல் நின்றாலும், அடியோடு வற்றினாலும் பூநாரைக்கு இங்கே வேலையில்லை. கூழைக்கடாவுக்கு மீன் வேண்டும். உள்ளான்களுக்கு ஓதம் வடிந்த ஈரச்சேறு வேண்டும். ஊசிவால் வாத்துக்கு நீர்த்தாவரம் வேண்டும். பறவைக்குப் பறவை தேவை வேறு. அத்தனை தேவைகளும் ஒரே ஏரியில் நிறைவேறக் காரணம், நீர்மட்டமும் உப்பும் நாளுக்கு நாள், பருவத்துக்குப் பருவம் மாறிக்கொண்டே இருப்பதுதான்.

ராக்கெட்டும் சரணாலயமும்

1969-இல் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் ஏவுதளத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. கிழக்கே திறந்த கடல் இருப்பதால் கழன்று விழும் பாகங்களால் மக்களுக்கு ஆபத்தில்லை. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் பூமியின் சுழற்சியே நொடிக்கு ஏறத்தாழ 450 மீட்டர் வேகத்தை இலவசமாகத் தருகிறது. 1971 அக்டோபர் 9-இல் முதல் ஆய்வு ராக்கெட் இங்கிருந்து புறப்பட்டது. 1980 ஜூலை 18-இல் எஸ்.எல்.வி-3 ரோகிணியைச் சுற்றுப்பாதையில் வைத்தது. தமிழ்நாட்டுப் பகுதி சரணாலயமானதும் அதே ஆண்டில்தான். ஆந்திரப் பகுதிக்கு அந்த நிலை 1976-இலேயே கிடைத்திருந்தது. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே இதற்கு அடிப்படை.

ஏவுதளத்தின் காவலால் தீவின் காடு தப்பியது. ஆனால் சூளூர்ப்பேட்டையிலிருந்து தீவுக்குச் செல்ல ஏரியின் குறுக்கே போட்ட சாலை, வடபாதிக்கும் தென்பாதிக்கும் இடையே நீர் தடையின்றிப் புழங்குவதைக் குறைத்துவிட்டது. சாலைக்கு வடக்கே பெரும்பகுதி கோடையில் வறண்டு வெண்ணிற உப்புத்தரையாகிறது.

எல்லைக் கோட்டுக்கு அப்பால்

சரணாலயத்தின் எல்லைக்குள் வேட்டையைத் தடுக்கலாம், ஆக்கிரமிப்பைத் தடுக்கலாம். ஏரியை ஆக்கும் மூன்று பொருள்களாகிய ஆற்றுநீர், கடல்நீர், மணல் ஆகியவை எல்லைக்கு வெளியிலிருந்தே வருகின்றன.

ஆரணியாற்றின் நீரை மேலே பிச்சாட்டூர் அணை தேக்குகிறது. மேற்கே, கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழில் வளாகம் உள்ளது. இவ்வட்டாரத்தின் நிலச்சரிவு கிழக்கு நோக்கியது. எனவே தொழிற்சாலைக் கழிவு முறையாகச் சுத்திகரிக்கப்படாமல் ஓடைகளில் விடப்பட்டால், அது சென்று சேரும் தாழ்ந்த இடம் ஏரியும் கடலுமே.

மணலின் கதையைச் சென்னைத் துறைமுகமே நமக்குக் கற்பித்திருக்கிறது. 1870-களில் அங்கே அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீட்டப்பட்டன. வடக்கே நகர்ந்த மணல் அச்சுவரில் முட்டித் தெற்கே தேங்கியது. மெரினாக் கடற்கரை அகன்றது. மணல் வரவு நின்றுபோன வடக்கே, ராயபுரத்திலும் அதற்கு அப்பாலும் கடல் கரையைத் தின்றது. வீடுகளை இழந்த மீனவருக்காகக் கரை நெடுகக் கல் கொட்ட வேண்டியதாயிற்று. 2001-இல் எண்ணூர்த் துறைமுகமும், அதன்பின் 2010-களில் காட்டுப்பள்ளித் துறைமுகமும் பழவேற்காட்டுக்குத் தெற்கே செயல்படத் தொடங்கின. அவற்றுக்கு வடக்கே கரை அரிப்பு காணப்பட்டிருக்கிறது. அங்கிருந்து தொடரும் அதே கரையில்தான் நம் ஏரியின் வாசலும் அதைக் காக்கும் மெல்லிய மணல் திட்டும் இருக்கின்றன. சரணாலயத்தில் ஒரு பிடி மண்ணையும் தொடாமலே, தொலைவில் நீட்டிய ஒரு கற்சுவர் அதன் தலைவிதியை மாற்றக்கூடும்.

வாசலை நிலையாகத் திறந்து வைக்க, இருபுறமும் கடலுக்குள் கற்சுவர்கள் அமைக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு மேற்கொண்டுள்ளது. பல்லாண்டுகளாக மணலை வெட்டி வெட்டிக் களைத்த மீனவர்களின் கோரிக்கை அது, நியாயமான கோரிக்கை. எனினும் அச்சுவர்களும் மணலைத் தடுக்கும் சுவர்களே. தெற்கே தேங்கும் மணலை அவ்வப்போது எடுத்து வடக்கே சேர்க்கும் ஏற்பாடும், ஆண்டுதோறும் கரையை அளந்து பார்க்கும் ஒழுங்கும் உடன் இருந்தால்தான் ராயபுரத்தின் பாடம் இங்கே மீண்டும் நிகழாது. தெற்கே இனி எந்தத் துறைமுகத்தை விரிவாக்க எண்ணினாலும், அதன் கணக்கில் இந்த வாசலையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நீங்களும் அளந்து பாருங்கள்

பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரத்து மாணவர்களுக்கு இதில் பங்குண்டு. சென்டிமீட்டர் குறியிட்ட ஒரு மரக்கோலைப் படகுத்துறை ஓரமாக, பெரியவர் ஒருவர் துணையோடு ஊன்றுங்கள். பௌர்ணமி, அமாவாசை நாட்களில் காலை முதல் மாலைவரை மணிக்கொரு முறை நீர்மட்டத்தைக் குறித்து, வரைபடத் தாளில் வளைகோடாக வரையுங்கள். அதே தாளில் சென்னைத் துறைமுகத்துக்கான ஓத அட்டவணையையும் வரையுங்கள். வாசல் நன்கு திறந்திருக்கும்போது இரு வளைகோடுகளும் நெருங்கி வரும். வாசல் குறுகும்போது ஏரியின் வளைகோடு தட்டையாகும். அதன் உச்சமும் கடலின் உச்சத்துக்கு மேலும் பிந்தும். முற்றிலும் அடைபட்டால் அது ஏறக்குறைய நேர்கோடாகிவிடும்.

கூடவே மாதம் ஒருமுறை 100 மில்லிலிட்டர் ஏரிநீரைக் காய்ச்சி வற்றவைத்து, மிஞ்சும் உப்பை எடையிடுங்கள். கடல்நீரானால் ஏறத்தாழ 3.5 கிராம் இருக்கும். உங்கள் எண் அதைவிடக் கூடுகிறதா குறைகிறதா என்று பன்னிரண்டு மாதங்களுக்குத் தொடர்ந்து எழுதி வாருங்கள்.

இந்த அளவீடுகளுக்கு ஒரு கோலும் தராசும் பொறுமையும் போதும். ஐந்து ஆண்டுகள் விடாது செய்தால், கற்சுவர்களுக்கு முன்னும் பின்னும் வாசல் எப்படி இருந்தது என்பதற்கு உங்கள் பள்ளியின் குறிப்பேடே சான்றாகும். ஏரியைப் பற்றி முடிவெடுக்கக் கூடும் கூட்டங்களில் ஊரார் அதை எடுத்துக் காட்டிப் பேசலாம்.